நசுங்காத எலுமிச்சம்பழமும் மிதக்கிற போர் வண்டியும்

ஒரு காட்டில் சக்கரமே கிடையாது. யாரும் கண்டுபிடிக்கல. நம்ம பக்கம் முதல்ல சக்கரம் வந்துச்சு, அப்புறம் மாட்டு வண்டி, அப்புறம் பஸ்ஸு, அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடுற நாம. அந்தக் காட்டுல சரித்திரம் வேற பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. அங்க முத முதல்ல வந்த வண்டியே தரையில படாம காத்துல மிதக்கிற வண்டி. அதுவும் ஊர் சுத்துற வண்டி இல்ல, கவசம் போட்ட போர் வண்டி. அது போருக்குப் போன கதையத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சேறு தெறிக்கும்.

காட்டுக்குத் தெக்க ஒரு பெரிய சேத்து நிலம். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு குளம். கோடையில காடு மொத்தத்துக்கும் அந்தக் குளம்தான் தண்ணி. குளத்துக்குப் போக ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பு முனையில குறுக்கால படுத்திருக்கும் முதலை பரமானந்தம். அவருக்குப் பின்னாடி அவரு சொந்தக்காரங்க பதிமூணு பேரு.

பரமானந்தம் ரொம்ப மரியாதையான முதலை. யாரையும் புடிச்சுத் தின்ன மாட்டாரு. எல்லாம் டோக்கன் முறைதான். ஒரு நாளைக்கு ஒரு டோக்கன். உங்க நம்பர் வந்தா நீங்க ஒரு வேப்பங்குச்சி எடுத்துக்கிட்டு அவரு வாய்க்குள்ள போயி பல்லு விளக்கி விடணும். விளக்கிட்டு வெளிய வந்தீங்கன்னா உங்க கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்குத் தண்ணி. வாய மூடுறதும் மூடாததும் அவரு இஷ்டம். விண்ணப்பத்துலயே ஒரு கட்டம் இருக்கும், "திரும்பி வர உத்தேசமா?"ன்னு. ஆமான்னு எழுதுனா எதுக்குன்னு காரணம் கேப்பாங்க.

பத்தொன்பதாம் நம்பர் முயல். போச்சு, விளக்குச்சு, வந்துருச்சு. இருபதாம் நம்பர் மான் வரல. கேட்டதுக்கு, போட்டோவுல காது சரியாத் தெரியலன்னு சொல்லிட்டாங்க.

இருபத்தேழாம் நம்பர் பெருச்சாளி கோட்டைச்சாமி. நம்ம ஆளு. எதையாவது கழட்டிக்கிட்டே இருப்பான், கழட்ட எதுவும் இல்லன்னா வீட்டுக் கூரையக் கழட்டுவான். டோக்கன் கைக்கு வந்த அன்னைக்கு அவன் பொண்டாட்டி முத்துப்பேச்சி சொன்னா, "ஏய்யா, நீ என் பல்லக்கூட ஒரு நாள் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அவன் பல்ல விளக்கப் போறியா?"

"போக மாட்டேன். இன்னும் ஒரு வாரம் இருக்கு. வண்டி செய்யப் போறேன்."

"வண்டின்னா?"

"அது செஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும்."

ரெண்டே நாள்ல செஞ்சான். கீழ பலா மரப் பலகை. பலகையச் சுத்தி மலைப்பாம்பு உரிச்சுப் போட்ட சட்டையத் தச்சு பாவாடை மாதிரி தொங்க விட்டான். பலகைக்கு மேல ஒரு கூண்டு. கூண்டுக்குள்ள பன்னெண்டு வௌவாலு தலைகீழாத் தொங்கும். பன்னெண்டும் சேந்து றெக்கைய அடிச்சா காத்து பலகை ஓட்டை வழியாக் கீழ எறங்கும். பாவாடை உப்பும். உப்புனதும் வண்டி எந்திரிச்சுக்கும், தரைக்கு ஒரு சாண் மேல. முன்னால கவசத்துக்கு நாலு வரிசை தேங்காச் சிரட்டை, நடுவுல எட்டிப் பாக்க ஒரு ஜன்னல். கண்டுபிடிப்புன்னா அதான் கண்டுபிடிப்பு.

வௌவாலு கூட்டத்துக்கு மேஸ்திரி சடையம்மா. வாய் கொஞ்சம் நீளம்.

"தம்பி, நாங்க பகல்ல தூங்குற ஆளுங்க. பகல்ல வேலைன்னா கொய்யாப்பழம் வேணும். காய் இல்ல, பழம். புழு இருந்தாலும் பரவாயில்ல, புழு தனிக் கணக்கு."

"சரிக்கா."

"அப்புறம் எங்கள ஃபேனுன்னு கூப்புடக் கூடாது."

இருபத்தொண்ணாம் நம்பர் நாள்ல சோதனை ஓட்டம். காடே கரையில நின்னுச்சு. சடையம்மா, "அடிங்கடி"ன்னா. பன்னெண்டு சோடி றெக்கையும் படபடன்னு அடிச்சுச்சு. புழுதி கெளம்புச்சு, சத்தம் எட்டு ஊருக்குக் கேட்டுச்சு, நரி ஒண்ணு இடி இடிக்குதுன்னு நெனச்சுத் துணிய எடுக்க வீட்டுக்கு ஓடுச்சு. வண்டி எந்திரிச்சுச்சு. சேத்து மேல ஏறுச்சு. யாரு கால வச்சாலும் இடுப்பு வரைக்கும் இழுக்குற சேறு, அது மேல கோட்டைச்சாமி வாழைப்பழத் தோலுல வழுக்கிட்டுப் போற மாதிரி போறான், சுத்துறான், திரும்புறான், கையக் காட்டுறான். ஒரு பக்கம் ரெண்டு வௌவாலு தூங்கிப்போச்சு, வண்டி அந்தப் பக்கம் சாஞ்சுச்சு. சடையம்மா காலால ஒரு எத்து விட்டா, நிமிந்துருச்சு. அந்த நேரத்துல குளத்துல ரெண்டு கண்ணு மேல வந்து பாத்துட்டு உள்ள போச்சு. அத யாரும் கவனிக்கல. நீங்க கவனிச்சு வச்சுக்கங்க.

திரும்பி வரும்போது வண்டி நிக்கல. நேராப் போயி ஒரு கரையான் புத்துல மோதிருச்சு.

"பிரேக்கு எங்கய்யா?"ன்னு கேட்டாரு தளபதி. தளபதி யாருன்னா காட்டெருமை கருமலையான். நல்ல ஒடம்பு. கொம்பு இருக்கிறதால யோசிக்கிறதுக்கு எடம் கொஞ்சம் கம்மி.

"தரையத் தொட்டாத்தானேங்க பிரேக்கு புடிக்கும். இது தொடாது."

தளபதி வண்டியச் சுத்தி வந்தாரு. "முள்ளு வச்சா குத்துமா?"

"மேல போயிரும்."

"குழி வெட்டுனா விழுமா?"

"மேல போயிரும்."

"இதுக்குப் பாவாடை எதுக்கு? என் படை ஆம்பளப் பன்னிங்கய்யா. பாவாடை கட்டுன வண்டியில ஏறுவாங்களா?"

"பாவாடை இல்லன்னா எந்திரிக்காதுங்க."

"சரி, அதுக்கு வேட்டின்னு பேரு வச்சுருவோம். நாளைக்குப் பூஜை. பூஜை முடிஞ்சதும் போர்."

முத்துப்பேச்சி அன்னைக்கு அவனுக்கு ரெண்டு கெழங்கு சேத்து வச்சா. கல்யாணமாகி அவ வச்ச முத பாராட்டு அதுதான்.

இப்ப அந்தக் காட்டு வழக்கத்தச் சொல்லணும். புதுசா ஒரு வாகனம் எடுத்தா அதுக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கணும். சக்கரமே இல்லாத காட்டுல எப்படி இந்த வழக்கம் வந்துச்சுன்னு கேக்குறீங்களா? முன்னாடி படைக்கு வாகனம்னா யானை. யானை மிதிச்சா பழம் நசுங்கும், பழம் நசுங்குனா போருக்குப் போகலாம். யானைங்க வேலைய விட்டுட்டு மலைக்குப் போயிருச்சு. பழம் மட்டும் வேலையில இருந்துச்சு.

மறுநாள் பூசாரி வந்தாரு. பூசாரி ஓணான். தலைய ஆட்டிக்கிட்டே இருப்பாரு. நீங்க என்ன கேட்டாலும் சரிங்குற மாதிரி இருக்கும். வாயத் தொறந்தா எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டாரு. வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வச்சு, நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம் வச்சாரு.

"எடுங்க வண்டிய."

சடையம்மா கூட்டம் அடிச்சுச்சு. வண்டி எந்திரிச்சு, அழகா, பழத்து மேலயே மிதந்து அந்தப் பக்கம் போயி நின்னுச்சு. நாலு பழமும் அப்படியே முழுசா இருந்துச்சு. காத்துல மூணு லேசா ஆடுச்சு. நாலாவது மட்டும் உருண்டு, உருண்டு, சரிவுல எறங்கி, முத்துப்பேச்சி கால்ல வந்து நின்னுச்சு.

ஊரே கழுத்த நீட்டி எட்டிப் பாத்துச்சு.

பூசாரி குனிஞ்சு பாத்தாரு. "பழம் நசுங்கல."

"சாமி, அது மிதக்குற வண்டி சாமி. மிதக்குறதுதான் அதோட வேலை"ன்னான் கோட்டைச்சாமி.

"மிதக்கட்டும். யாரு வேணாங்குறா? நசுக்கிட்டு மிதக்கட்டும்."

தளபதி மூஞ்சி சுருங்கிப்போச்சு. "ஒரு எலுமிச்சம்பழம் இந்த வண்டிக்குப் பயப்படல. முதலை பயப்படுமா?"

கூட்டத்துல இருந்த பன்னிங்க எல்லாம், "ஆமா, அதான, அதான"ன்னுச்சு. படைன்னா அதுக்குத்தான் வச்சிருக்கு.

"நான் வேணா எறங்கி மிதிக்கிறேன் சாமி."

"நீ வாகனமா?"

"நசுங்குன பழமா வச்சா?"

"ஏற்கனவே செத்தவனப் போயி கொல்லப் போறியா?"

"எந்தப் பழம் வச்சாலும் இது மேலதான் சாமி போகும்."

"அப்ப வண்டியில கனம் பத்தல. கவசத்தக் கூட்டு."

பூசாரி சீட்டுல எழுதிட்டாரு: பழம் நசுங்கும் வரை அனுமதி இல்லை. அந்தக் காட்டுல பூசாரி சீட்டு இல்லாம போர் கெடையாது. போர் இல்லன்னா இருபத்தேழாம் நாள் கோட்டைச்சாமி வேப்பங்குச்சியோட கெளம்ப வேண்டியதுதான். அன்னைக்கு இருபத்திரெண்டு.

முத்துப்பேச்சி அந்த நாலாவது பழத்தக் கையில வச்சுத் தரையில விட்டுப் பாத்தா. உருண்டுச்சு. திரும்ப விட்டா. திரும்ப உருண்டுச்சு. "ஏய்யா, இது நல்லா ஓடுது பாத்தியா? இது மேல ஒரு பலகைய வச்சா..."

"நான் வண்டிக் கவலையில இருக்கேன், நீ பழம் வச்சு வெளையாடுற. போ புள்ள அந்தாண்ட."

அந்தக் காட்டுச் சரித்திரம் அந்த எடத்துல இன்னொரு தடவ திரும்பிப் படுத்துச்சு. யாருக்கும் கேக்கல.

இருபத்து மூணாம் நாள் சிரட்டை எட்டு வரிசை ஆச்சு. வண்டி எந்திரிச்சுச்சு, பழம் நசுங்கல. இருபத்து நாலாம் நாள் செத்த ஆமைங்க ஓட்ட எல்லாம் பொறுக்கியாந்து சுத்தி அடிச்சான். வண்டி முக்கிக்கிட்டு எந்திரிச்சுச்சு. பழத்துல ஒரு கீறல் மட்டும் விழுந்துச்சு.

"நல்ல சகுனம். பழம் யோசிக்க ஆரம்பிச்சிருச்சு"ன்னாரு பூசாரி.

இருபத்தஞ்சாம் நாள் பக்கத்து ஊருக்குள்ள பூந்து வீட்டுக்கு வீடு அம்மிக்கல்லத் தூக்கிட்டு வந்தாங்க பன்னிங்க. மிக்சி வந்ததுல இருந்து வெயில்ல சும்மாக் கெடந்த கல்லு. வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஏழு. கூடவே வந்த ஒரு ஆட்டுக்கல்லு மட்டும் கீழ கெடந்துச்சு.

சடையம்மா கூண்டுக்குள்ள இருந்து தலைய நீட்டுனா. அவளுக்கு அது நிமிந்து பாக்குறது. "தம்பி, நாங்க வௌவாலு. கிரேன் இல்ல."

"ஒரு நாள் அக்கா. ஒரே நாள். எனக்காக."

"உனக்காகன்னா சரி. ஆனா அந்த ஆட்டுக்கல்ல ஏத்துன, கூண்டத் தொறந்துட்டு நானே அந்த முதலைக்குப் பல்லு விளக்கப் போயிருவேன்."

ஆட்டுக்கல்லையும் ஏத்துனாங்க.

இருபத்தாறாம் நாள். நாலு பழம். வௌவாலு பன்னெண்டும் கண்ணு வெளிய வர்ற மாதிரி அடிச்சுச்சு. பாவாடை லேசா உப்புச்சு, பெருமூச்சு விட்டுச்சு, சுருங்கிப்போச்சு. இருவது பன்னிங்க பின்னாடி நின்னு தள்ளுனாங்க. வண்டி தரையோட தரையா நரநரன்னு தேஞ்சுக்கிட்டு முன்னால போச்சு. சத்தக், சத்தக், சத்தக், சத்தக். நாலு பழமும் தட்டையாப் போச்சு.

காடு பூரா ஆட்டம். பூசணிக்கா உடைச்சாங்க, தளபதி பன்னிங்களக் கட்டிப் புடிச்சாரு, ரெண்டு பன்னி மூச்சு வாங்கப் படுத்துருச்சு. பூசாரி சீட்டுல கையெழுத்துப் போட்டாரு.

கோட்டைச்சாமி மட்டும் தளபதி காலச் சொறண்டுனான். "ஐயா, வண்டி மிதக்கல."

"அதான் பழம் நசுங்கிருச்சே."

"மிதக்காத வண்டி சேத்துல எறங்குனா முழுகிரும் ஐயா."

"உனக்கு ஒண்ணு கெடச்சா இன்னொண்ணு கேக்குற. நாளைக்கு நீயே ஓட்டிட்டுப் போ. நான் பின்னாடி இருந்து வழி நடத்துறேன்."

"எவ்வளவு பின்னாடி ஐயா?"

"இங்க இருந்துதான்."

இருபத்தேழாம் நாள் காலையில கோட்டைச்சாமி வண்டியில ஏறுனான். முத்துப்பேச்சி ஒரு வேப்பங்குச்சியக் கையில குடுத்தா. "எதுக்கும் வச்சுக்க. போர் சரியா வரலன்னா நேரா வேலைக்குப் போயிரலாம்." சொல்லிட்டுத் திரும்பி நின்னு மூக்க உறிஞ்சுனா. பெருச்சாளி அழுதா வெளிய தெரியாது, மீசை மட்டும் ஆடும்.

பன்னிங்க சரிவுல இருந்து தள்ளுனாங்க. வண்டி வந்த வேகத்துல சேத்துல பாதி தூரம் வழுக்கிட்டுப் போச்சு. அப்புறம் நின்னுச்சு. அப்புறம் நிதானமா, கல்யாணப் பந்தியில பெரியப்பா உக்கார்ற மாதிரி, உக்காந்துச்சு. ஜன்னல் வரைக்கும் சேறு. கரையில இருந்து தளபதி, "முன்னேறு, முன்னேறு"ன்னு வழி நடத்துனாரு.

வரப்புல இருந்து பரமானந்தம் எறங்கி மெல்ல நீந்தி வந்தாரு. ஜன்னல்கிட்ட மூக்க வச்சாரு. கோட்டைச்சாமி வேப்பங்குச்சிய எடுத்து நீட்டுனான்.

"இருபத்தேழு, வந்திருக்கேங்க."

"குச்சிய உள்ள வைப்பா. அன்னைக்கு இந்தச் சேத்து மேல ஒண்ணு பறந்துச்சே, அதானே இது? நான் குளத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதேதாங்க. இன்னைக்கு உக்காந்துருச்சு."

"ஏன்?"

"பூஜை போட்டாங்க."

பரமானந்தம் அதக் காதுல வாங்கல. கண்ணு பளபளங்குது. "தண்ணியில நான் ராஜா. தரையில வயிறு தேயுதுப்பா. நாலடி நடந்தா நாக்குத் தள்ளுது. அன்னைக்குப் பறந்துச்சே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. நாங்க பதினாலு பேரும் ஏறணும். தண்ணியிலயும் போகணும், சேத்துலயும் போகணும், காட்டுக்குள்ளயும் வரணும். அப்புறம் டோக்கனே வேணாம். வீடு வீடா நானே வந்து வாயத் தொறக்குறேன்."

"செய்யலன்னா?"

"குச்சிய எடு."

இப்ப நீங்க இருந்தா என்ன செய்வீங்க? ஆணிய ஒண்ணு லூசா விடுவீங்க, பாவாடையில ஓட்டை போடுவீங்க. கோட்டைச்சாமி அப்படி இல்ல. நல்லாவே செஞ்சான். தேக்குப் பலகை, ரெட்டைப் பாவாடை, மேல ஒரு மூடி. வௌவாலு மட்டும் அறுவது. மூடியில ஒவ்வொரு வௌவாலுக்கும் ஒரு சின்ன ஓட்டை, மூச்சு விட. சடையம்மா அவனக் கேவலமாப் பாத்தா. "எதிரிக்கு இம்புட்டு நல்லாச் செய்யுற. நம்ம ஆளுங்களுக்கு அம்மிக்கல்லு."

"கொய்யா ரெட்டிப்பு. வாய மூடிக்கிட்டு அடி."

சோதனை ஓட்டத்துல அந்த வண்டி தண்ணி மேல போச்சு, சேத்து மேல போச்சு, கரையேறி காட்டு எல்லையில ஒரு சுத்துச் சுத்திட்டுக் குளத்துக்கு வந்துருச்சு. பரமானந்தம் பச்சப்புள்ள மாதிரி வாலால கைதட்டுனாரு. காட்டுல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. முத்துப்பேச்சி வரப்பு முனையில வந்து நின்னு கத்துனா. "யோவ், உன்ன அந்த வாய்க்குள்ளயே விட்டிருக்கணும்யா."

கோட்டைச்சாமி அந்தப் பக்கம் திரும்பல. பரமானந்தத்துக்கிட்ட பணிவாச் சொன்னான், "ஐயா, வண்டி ரெடி. ஒண்ணே ஒண்ணு பாக்கி. பூஜை."

பரமானந்தம் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "நல்ல வேளை ஞாபகப்படுத்துன. பூஜை போடாம எடுக்கலாமா? யாரு போடுவா?"

"எங்க பூசாரி இருக்காரு. கை ராசிக்காரரு."

ஓணான் தலைய ஆட்டிக்கிட்டே வந்தாரு. எலுமிச்சம்பழத்த எடுத்தாரு. பரமானந்தம் மூஞ்சியச் சுளிச்சாரு. "எருமைக்கு எலுமிச்சம்பழம், எங்களுக்கும் எலுமிச்சம்பழமா? முதலைக்கு ஒரு கௌரவம் இல்ல? பூசணிக்கா வைங்க."

நாலு பூசணிக்கா வச்சாங்க. வண்டி எந்திரிச்சுச்சு, காயில முட்டிக்கிட்டு நின்னுச்சு, காயி லேசா உருண்டு வழி விட்டுச்சு. பூசாரி குனிஞ்சு பாத்தாரு. "காய் நசுங்கல."

பரமானந்தத்துக்கு அவமானமாப் போச்சு. "என்ன செய்யணும்?"

கோட்டைச்சாமி வாயே தொறக்கல. பூசாரிதான் சொன்னாரு. "கனம் பத்தல. கவசத்தக் கூட்டுங்க."

ஒம்போது நாள். அம்மி, ஆட்டுக்கல்லு, உரலு, சுமைதாங்கிக் கல்லு, எவனோ ஒரு பஞ்சாயத்து போர்டுக் கல்லையே புடுங்கியாந்துட்டான். பத்தாம் நாள் பரமானந்தம் கூட்டமே பின்னாடி நின்னு தள்ளி, பூசணிக்கா நாலும் படார் படார்னு நசுங்குச்சு. முதலைங்க ஒண்ணு வால ஒண்ணு கடிச்சு சந்தோஷப்பட்டுச்சு. பூசாரி சீட்டுல கையெழுத்துப் போட்டாரு. "பத்தரைக்குள்ள கெளம்புங்க. அப்புறம் நேரம் சரியில்ல."

பதினாலு பேரும் ஏறுனாங்க. கல்லு மூடிய இழுத்துச் சாத்துனாங்க. வண்டி குளத்தங்கரைச் சரிவுல நிக்குது, அடியில ஒரு ஆப்பு. கோட்டைச்சாமி ஆப்ப உருவுனான். வண்டி சரசரன்னு எறங்குச்சு. தண்ணியத் தொட்டுச்சு. தொட்டதோட நிக்கல. சடையம்மா கூட்டம் அறுவதும் ஓட்டை வழியா வெளிய பறந்துருச்சு. வௌவாலு வர்ற ஓட்டையில முதலை வருமா? மூக்கு நுனி மட்டும் வந்துச்சு. அதும் உள்ள போச்சு.

செத்துட்டாங்களான்னு கேக்காதீங்க. அடிக்கடி குமிழி வருது. மூடியத் தொறக்கச் சொல்லி பரமானந்தம் உள்ள இருந்து மனு போட்டிருக்காரு. மூடியும் வாகனத்துல ஒரு பாகம், அதுக்கும் பூஜை போட்டுத்தான் தொறக்கணும்னு பூசாரி எழுதிட்டாரு.

போர் ஜெயிச்சதுக்கு விழா எடுத்தாங்க. பூசாரிக்குப் படைத்தலைமை குடுத்தாங்க. சேத்துல முழுகுன வண்டிக்கு மேல கொடி நட்டு, மிதக்கும் கவசப் படை வாழ்கன்னு எழுதுனாங்க. கோட்டைச்சாமிக்கு மாலை போட மறந்துட்டாங்க. முத்துப்பேச்சி மட்டும் ரெண்டு கெழங்கு சேத்து வச்சா. வச்சுட்டு, "முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைச்சா என்னய்யா?"ன்னா.

குளம் இப்ப காட்டுக்குச் சொந்தம். வரப்பு முனையில கருமலையான் குறுக்கால படுத்திருக்காரு. கூட்டம் நெரியாம இருக்க டோக்கன் முறை வச்சிருக்காங்க. பல்லு விளக்க வேணாம், அவரு கொம்பத் தேச்சு விட்டாப் போதும். கொம்பு மூடாது, அது ஒண்ணுதான் முன்னேத்தம். கோட்டைச்சாமியும் வரிசையில நிக்கிறான். நம்பர் இருபத்தேழு. பக்கத்துல முத்துப்பேச்சி அந்த எலுமிச்சம்பழத்தக் கீழ போட்டு உருட்டிக்கிட்டு இருக்கா. கொஞ்சம் வாடிப்போச்சு. ஆனா நல்லா ஓடுது.

நீதி: எதிரிய அழிக்க ஆயுதம் செஞ்சு குடுங்க, நல்லதாவே செஞ்சு குடுங்க, கூடவே நம்ம ஊர்ல அனுமதிக் கையெழுத்துப் போடுற ஆளையும் அனுப்பி வச்சிருங்க, மிச்சத்த அவரு பாத்துக்குவாரு.